இம்மானுவேல் சேகரன்: ‘கலவரம்’ என்ற சொல்லுக்கு முன்னிருந்த வாழ்வு

ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், 1965இல் இந்தோனேசியாவில் படுகொலை செய்தவர்களே தாம் கொன்ற விதத்தைக் கேமரா முன் நடித்துக் காட்டுகிறார்கள். கொன்றவர்களின் முகங்கள் மனத்தில் பதிகின்றன. கொல்லப்பட்டோர் வெறும் எண்ணிக்கையாகிறார்கள். கொல்லப்பட்ட ஒருவரின் தம்பியைப் பின்தொடர்ந்து அதே இயக்குநர் 2014இல் மற்றொரு படம் எடுத்தார்.

நம் வட்டாரத்துக்கு அந்த இரண்டாவது பார்வையே தேவை. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வாடிய குழந்தைகளைச் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ 1990இல் பதிவு செய்தது. ஆனால், விருதுநகரும் சிவகாசியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1957இல் நடந்த வன்முறை இன்றும் ‘முதுகுளத்தூர் கலவரம்’ என்றே சுட்டப்படுகிறது. இயல்பிலேயே முரட்டுத்தனமான இரு சாதிகள் மோதிக்கொண்டன என்ற தோற்றத்தை அச்சொல் தருகிறது. இம்மானுவேல் சேகரனின் வாழ்வு அதனைப் பொய்யாக்குகிறது.

1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் அருகே செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஆசிரியர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ஈடுபட்டு மூன்று மாதம் சிறையில் இருந்தபோது அவருக்கு வயது 18. 1945இல் இராணுவத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அமிர்தம் கிரேஸை மணந்தார். நான்கு பெண் குழந்தைகள்.

சீருடையில் இருந்தபோது கிடைத்த மதிப்பு ஊர்த் தேநீர்க்கடையில் கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் படையை விட்டு வந்து, தேவேந்திரகுல வேளாளர் மக்களை அமைப்பாக்கினார், இரட்டைக் குவளை முறையை எதிர்த்தார், காங்கிரஸில் இயங்கினார். அவர் கேட்டது பழிக்குப் பழியன்று. அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது எனில், அது தன் ஊரிலும் ஒழிய வேண்டும் என்பதே.

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். விருதுநகரில் பிறந்த முதலமைச்சர் காமராசர் சாத்தூரில் வென்றிருந்தார். தேவர் விட்டுக்கொடுத்த சட்டமன்ற இடத்துக்கு ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக் வென்றது. காங்கிரஸுக்கு வாக்களித்த ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. தாக்குதல்களும் எதிர்த்தாக்குதல்களும் பெருகின.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தம் மக்களின் பேராளர்களுள் ஒருவராக இம்மானுவேல் அங்கே சரிசமமாக அமர்ந்து வாதிட்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறையவில்லை. பகைமுற்றிய மோதலில் விழுந்தவர் அல்லர் அவர்; பேச்சுவார்த்தைக்கு வந்தவர்.

செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் மறவர் ஐவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசின் துப்பாக்கி எவருக்கும் நீதி தந்ததில்லை. கொலை வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட தேவர் 1959இல் விடுதலையானார்.

2010இல் இம்மானுவேலுக்கு அஞ்சல் தலை வெளியானது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11, அவருடைய நினைவு நாளன்று, பரமக்குடியில் காவல்துறை மீண்டும் சுட்டது. அஞ்சலி செலுத்தக் கூடிய நாளில் குறைந்தது ஆறு தலித்துகள் உயிரிழந்தனர். இம்முறை தொலைக்காட்சிக் கேமராக்கள் அங்கே இருந்தன.