போக்சன் கண்ட ஒளி

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறைக்குக் கொற்கையில் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் கோழி கூவுவதற்கு முன்பே தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. எழுந்து வாசலுக்கு வந்தேன். வயல்களுக்கு அப்பால், வானத்தின் அடியில், பனியில் தெரியும் விளக்கைப் போல ஓர் ஒளி மங்கலாக நின்றது. விண்மீனைப் போல் அது மின்னவில்லை. விமானத்தைப் போல் ஓடவும் இல்லை. வால்வெள்ளி என்றார் ஒருவர். கடலில் நிற்கும் கப்பலின் விளக்கு என்றார் இன்னொருவர். நாட்டுக்கு ஆகாது என்று ஒரு தாத்தா சொல்ல, ஆச்சி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள். சற்று நேரத்தில் மேகம் வந்து மூடியது. மறுநாள் மழை. பிறகு அது தென்படவே இல்லை.

பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் ஆவலோடு இதைச் சொன்னேன். எத்தனை மணிக்குப் பார்த்தாய், சரியாக எந்தத் திசை, பக்கத்தில் எந்த விண்மீன் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்ததா என்று அவர்கள் வரிசையாகக் கேட்டார்கள். ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. அப்போது அவர்கள் சொன்ன பெயர்தான் நார்மன் ராபர்ட் போக்சன். அவரைப் பற்றி நான் படித்தறிந்ததைத் தோழியருக்கு இங்கே சொல்கிறேன்.

போக்சன் 1829-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தை காலுறை நெய்யும் தொழில் நடத்தியவர். மகனுக்கோ துணிக்கணக்கைவிட விண்கணக்கே இனித்தது. பதினெட்டு வயதிலேயே ஹிண்ட் என்ற வானியலாரின் துணையோடு இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணித்தார். 1852-இல் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ராட்கிளிப் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கிருந்தபோது, 1856-இல், அவர் சொன்ன ஒரு கணக்குதான் அவர் பெயரை உலகெங்கும் நிறுத்தியது. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களைப் பளிச்சென்று இருப்பவை முதல் தரம், மிக மங்கலானவை ஆறாம் தரம் என்று பழங்காலத்துக் கிரேக்கர்கள் பிரித்திருந்தார்கள். ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஆளுக்கு ஆள் தம் கண் சொன்னபடி வைத்துக்கொண்டனர். முதல் தரம் ஆறாம் தரத்தைப் போல நூறு மடங்கு ஒளி உடையது என்று வைத்துக்கொள்வோம் என்றார் போக்சன். அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் 2.512 மடங்கு. 2.512-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், நூறு வரும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டேன். இன்றும் உலகத்து வானியலார் அனைவரும் இந்த அளவையே பயன்படுத்துகிறார்கள்.

1861-இல் அவர் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வுக்கூடத்துக்கு அவர் தலைவரானார். வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரல் 17-ஆம் நாள், ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். ஆகவே ஆசியா என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆயுளில் எட்டுச் சிறுகோள்களைக் கண்டார். அவற்றுள் 1866-இல் சென்னையில் கண்ட சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலாக்கள் உண்டு என்று 2005-இல் அறிவித்தார்கள். போக்சன் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! அவரோடு பணிபுரிந்த நம் நாட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்தவர் அவர். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

இப்போது அந்த ஒளிக்கு வருகிறேன். பீலா என்பவர் பெயரால் வழங்கிய வால்மீன் ஒன்று ஆறேமுக்கால் ஆண்டுக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. 1846-இல் வந்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது இரண்டாக உடைந்தது. 1852-இல் இரண்டுமாக ஒரு முறை வந்தன. அதன் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, வால்மீன் இருந்திருக்க வேண்டிய அதே வழியைப் பூமி கடந்தபோது, ஐரோப்பாவில் எரிமீன்கள் ஆயிரக்கணக்கில் மழையாகக் கொட்டின.

ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து வானியலார் கிளிங்கர்பூஸ் ஒன்றை எண்ணினார். எரிமீன்கள் வடவானத்திலிருந்து வந்தன. வால்மீனே பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், இப்போது அது வந்த திசைக்கு நேர் எதிரே, தென்வானத்தில் அல்லவா இருக்கும்? தென்வானத்தின் அந்தப் பகுதி ஜெர்மனியில் தெரியாது, சென்னையில் தெரியும். உடனே போக்சனுக்குத் தந்தி அடித்தார். பீலா 27-ஆம் நாள் பூமியைத் தொட்டது, சென்டாரஸ் கூட்டத்தில் உள்ள தீட்டா என்ற விண்மீனுக்கு அருகே தேடுக என்பது அதன் சாரம். ரஷ்யா வழியாக அந்தத் தந்தி ஒரு மணி 35 நிமிடத்தில் சென்னை வந்து சேர்ந்தது.

டிசம்பர் தொடக்கம் என்றால் நம் கிழக்குக் கரையில் என்ன காலம் என்று உங்களுக்கே தெரியும். அடைமழை. அந்த விண்மீன் உதிப்பது விடியற்காலை நான்கு மணி அளவில். சூரியன் எழும்வரைதான் தேட முடியும். முதல் நாள் மேகமும் மழையும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஐந்தேகால் மணிக்கு மேகம் சற்றே விலகி நீலவானம் ஒரு துண்டு தெரிந்தது. அதற்குள்ளே வட்டமாக, நடுவில் பளிச்சென்று, வாலில்லாமல் ஓர் ஒளி! பக்கத்தில் இருந்த பெயரில்லாத விண்மீன் ஒன்றோடு ஒப்பிட்டு நான்கு முறை அளந்தார். நான்கு நிமிடத்துக்குள் அது சிறிது நகர்ந்திருந்தது. விண்மீன் அப்படி நகராது. மறுநாள் விடியலிலும் கிடைத்தது. மங்கலாய் ஒரு சிறு வாலும் தெரிந்தது. ஏழு முறை அளந்தார். மீண்டும் மேகம் மூடியது. அவ்வளவுதான்.

பீலாவைக் கண்டுவிட்டேன் என்றே போக்சன் நம்பினார். ஆனால் அந்த நாளில் அந்த இடத்தில் பீலாவின் வால்மீன் இருந்திருக்க முடியாது என்று பின்னர் கணக்கிட்டவர்கள் கண்டார்கள். அப்படியானால் அது எது? ஒரு வால்மீனின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று நாளைய இடம் வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு நாள்தான். இன்னும் ஒரே ஒரு விடியல் மழை விட்டிருக்கக் கூடாதா என்று படிக்கும்போது எனக்கு அழுகையே வந்தது. பீலா என்று முந்திச் சொல்லிவிட்டாரே என்று குறை கூறுவோரும் உண்டு. ஆனால் நேரத்தையும் இடத்தையும் அவர் குறித்து வைத்ததால்தானே அது பீலா அல்ல என்று மற்றவர்களால் சொல்ல முடிந்தது?

அடுத்த ஆண்டு, 1873-இல், அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் அதே வானாய்வுக்கூடத்தில் கணிப்பாளராக வேலைக்கு அமர்ந்தார். 1856-இல் போக்சன் கண்ட முதல் சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர் வந்தது இந்த மகளை நினைத்துத்தான். தாய் 1869-இல் இறந்துவிட்டார். பெரிய குடும்பம். சம்பளம் மாதம் 150 ரூபாய். அன்று ஒரு சமையற்காரருக்கோ வண்டிக்காரருக்கோ கிடைத்த அளவு என்கிறார்கள். 25 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1881 முதல் சென்னை அரசின் வானிலைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். 1886-இல் லண்டனில் உள்ள அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்க அவர் பெயரை முன்மொழிந்தார்கள். தந்தையும் அதில் ஒருவர். கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்க அவன் என்ற ஆண்பால் சொல்லே இருக்கிறது, ஆகவே பெண் சேர முடியாது என்று வழக்கறிஞர்கள் கூற, அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு சொல்லுக்காக! 1920-இல்தான் அவர் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 68.

அதைப் பார்க்கத் தந்தை இல்லை. முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே உழைத்த போக்சன் 1891 ஜூன் மாதம் அங்கேயே காலமானார். இரவிரவாக அளந்தவற்றை அவர் உரிய காலத்தில் அச்சிடவில்லை. அது அவரிடம் இருந்த பெரிய குறைதான். பிறகு வந்தவர்தான் அவருடைய விண்மீன் பட்டியலை வெளியிட்டார். 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் வானிலை நிலைய வளாகத்தில் நிற்கிறது.

போக்சன் கண்ட அந்த ஒளி வால்மீன்களின் பட்டியலில் 1872 என்ற ஆண்டோடு, எக்ஸ் என்ற எழுத்தை முன்னிட்டு எழுதப்பட்டிருக்கிறது. பாதை அறியப்படாதது என்பது அதன் பொருள். ஆச்சி வீட்டு வாசலில் நான் பார்த்த ஒளிக்கு அந்த எக்ஸ் கூடக் கிடைக்காது. உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே!