எல்லை வரைந்தவர்: கர்னல் காலின் மெக்கன்சி

கொங்கு நாட்டின் பழைய வரலாற்றை ஆராயப் புகுவோர் கர்னல் காலின் மெக்கன்சியின் பெயரைக் கடந்து செல்ல இயலாது. நாடு பிடிக்க வந்த படையோடு வந்து, நம் முன்னோரின் ஏடுகளைத் தொகுத்து வைத்துச் சென்றவர் அவர்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவேயில் 1754ஆம் ஆண்டளவில் பிறந்தார். சுங்க அலுவலராயிருந்து, 1783இல் சென்னை வந்து கிழக்கிந்தியக் கும்பினியின் படையிற் சேர்ந்தார். தொடக்கத்திலேயே கோயமுத்தூர், திண்டுக்கல் சீமைகளில் பொறியாளர் பணி அவருக்கு வாய்த்தது.

அந்நாளில் கொங்கு நாடு மைசூருக்கும் கும்பினிக்கும் இடையே அல்லலுற்ற எல்லை நிலம். 1783இன் இறுதியில் கும்பினி கைப்பற்றிய கோவை, 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடம் மீண்டது. 1792இல் திண்டுக்கல்லும் பாரமகாலும் கைமாறின. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கோவையும் கும்பினி வசமாயிற்று. இத்தகைய நிலத்தில் கணவாயும் ஆற்றுத்துறையும் கோட்டையும் அறிந்த படையே வெல்லும். ஆகவே நிலப்படம் ஒரு போர்க்கருவி ஆயிற்று.

மைசூர் நாடு பங்கிடப்பட்டதும் அதன் எல்லைகளை அளந்து வரையும் பொறுப்பு மெக்கன்சிக்குக் கிடைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 40,000 சதுர மைல் நிலம் அளக்கப்பட்டது. சங்கிலி நிலத்தின் நீளத்தைச் சொல்லும். ஊரின் வரலாற்றைச் சொல்லாது. ஊர் யாருடையது, யார் கொடுத்தது என அறியக் கர்ணத்தின் கணக்கையும் கோயிற் கல்வெட்டையும் செப்பேட்டையும் முதியோர் வாய்மொழியையும் நாட வேண்டியிருந்தது. கடமையாய்த் தொடங்கியது வாழ்நாள் வேட்கையாயிற்று.

ஆனால் அவர் நம் மொழிகளைக் கற்றவரல்லர். அவருக்குக் கண்ணாயிருந்தவர்கள் காவலி வேங்கட போரய்யாவும், 1803இல் அவர் இளமையிலேயே மறைந்தபின் தம்பி இலட்சுமய்யாவும், ஊர் ஊராய்ச் சென்று படியெடுத்த பற்பல தமிழரும் தெலுங்கரும் ஆவர். அவர்களுட் பலர் பெயர் இன்று யார்க்கும் தெரியாது.

1810இல் சென்னை மாகாணத்துக்கும் 1815இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையராய் உயர்ந்த மெக்கன்சி, 1821 மே 8ஆம் நாள் கல்கத்தாவுக்கருகே காலமானார். அவர் விட்டுச்சென்றவை 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள். பணியைத் தொடர விழைந்த இலட்சுமய்யாவின் வேண்டுகோளைக் கல்கத்தா ஆசியக் கழகத்தார் ஏற்கவில்லை. ஏடுகளைத் திரட்டத் தகுதியுடையவராய்க் கருதப்பட்டவர், அவற்றை ஆராயத் தகுதியற்றவராய்க் கருதப்பட்டார்.

அத்தொகுப்பில் ஒன்றே கொங்கு தேச ராஜாக்கள் என்னும் உரைநடைச் சுவடி. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்திலிருந்த அதனை நம் கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பிக்க, 1950இல் அது அச்சேறியது. நூற்றாண்டுக்கும் முன் பறிபோன வேலை, ஒரு கோவைத் தமிழர் கையில் மீண்டும் தொடங்கிற்று.

மெக்கன்சி வரைந்த எல்லைகள் பல அழிந்து, மாநிலங்கள் புதிதாய்ப் பிறந்துவிட்டன. ஏடுகள் நிற்கின்றன. படிக்கப்படாத பகுதிகள் அவற்றில் இன்னும் உள. அவற்றைப் படித்தெழுதுவதே, அவருக்கும் பெயரறியா அத்துணைவருக்கும் கொங்கு நாட்டார் செலுத்தும் நன்றிக்கடனாகும்.