தாயின் குரலில் கணிதம் கேட்டவர்

முதுகலைக் கணித வகுப்பில், ஒரு தேற்றத்தின் தலைப்பில்தான் பாண்ட்ரியாகின் என்ற பெயரை முதன்முதலில் கண்டேன். அவர் கண்பார்வையற்றவர் என்பது வெகு காலம் கழித்தே தெரியவந்தது. தெரிந்த அன்று, இளங்கலை நாட்களில் நான் பாடம் படித்துக் காட்டிய பார்வையற்ற நண்பர் நினைவுக்கு வந்தார். அவருக்குக் கணிதத்தின் மேல் தீராத ஆசை. குறியீட்டைக் காண இயலாதவருக்குக் கணிதம் எதற்கு என்றார்கள், வரலாறு படித்தார். நானும் அதை நியாயம் என்றே அன்று எண்ணினேன்.

லெவ் பாண்ட்ரியாகின் 1908-இல் மாஸ்கோவில் பிறந்தார். 14-ஆம் வயதில் ஸ்டவ் வெடித்துக் கண்களை இழந்தார். தாயார் தத்யானா தையல் வேலை செய்தவர், கணிதம் அறியாதவர். ஆயினும் மகனுக்காகக் கணித நூல்களை உரக்கப் படித்தார். பெயர் தெரியாத குறிகளுக்கு உருவத்தைப் பார்த்துத் தாமே பெயரிட்டார். கணங்களின் சேர்ப்புக் குறி வால் மேலே. வெட்டுக் குறி வால் கீழே! அந்த வால்களைப் பிடித்துக்கொண்டே மகன் 1925-இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் புகுந்து, அலெக்சாந்திரோவின் மாணவரானார்.

மாணவ நண்பர்களே, ஒரு வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டுத்துண்டை நிறுத்துங்கள். முறுக்காமல் சேர்த்தால் உருளை. அரைச்சுற்று முறுக்கிச் சேர்த்தால் மோபியஸ் பட்டை. ஓரிடத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. முழுதும் சுற்றி வந்தால்தான் முறுக்குத் தெரியும். இத்தகைய அமைப்பே ஃபைபர் பண்டில் என்னும் நார்க்கற்றை. அதன் முறுக்கைச் சொல்லும் மாறாப் பண்புகளைத் தேடிப் பலர் பல வழியில் சென்றனர். 1935-இல் சூரிச்சில் ஸ்டீஃபெல், ஒரு வெளி முழுவதும் அம்புகளைத் தடையின்றி நிறுத்த முடியுமா என்று பார்த்து, தடைப்படும் இடத்தைக் கணக்கிட்டார். அமெரிக்காவில் விட்னியும் அதே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார். அவர்கள் கண்ட விடை பெரும்பாலும் ஒற்றையா இரட்டையா என்ற அளவில் நின்றது. 1940-களில் பாண்ட்ரியாகின் வேறு வழி பிடித்தார். எல்லாத் தளங்களும் அடங்கிய ஒரு பெருவெளிக்கு நார்க்கற்றையை அனுப்பி, அங்கே உள்ள அளவுகளை இங்கே திரும்பக் கொண்டுவந்தார். முழு எண்கள் கிடைத்தன. 1946-இல் செர்ன், சிக்கலெண் கற்றைகளின் வளைவிலிருந்து நுண்கணிதத்தால் தம் வகுப்புகளைப் பெற்றார்.

புரிந்துகொள்ள ஸ்டீஃபெல் வழியும், கணக்கிடச் செர்ன் வழியும் எளியவை. எனக்குப் பிடித்தது பாண்ட்ரியாகின் வழியே. 1956-இல் மில்னர், ஏழு பரிமாணக் கோளத்துக்கு வழக்கமானதல்லாத வேறு வழவழப்பு அமைப்புகளும் உண்டு என்று காட்டியபோது கைகொடுத்தவை இவருடைய வகுப்புகளே.

பின்னர் இவர் கட்டுப்பாட்டியலுக்கு மாறி, பெரும விதியைத் தந்து, 1962-இல் லெனின் பரிசு பெற்றார். முதுமையில், யூதக் கணித அறிஞர்களுக்கு எதிராக நடந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அவர் மறுத்தார். பெருமையோடு அதையும் சொல்லத்தான் வேண்டும். 1988-இல் காலமானார்.

என் நண்பர் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அண்மையில் தொலைபேசியில் அவரிடம் இந்த வால் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, பக்கவாட்டில் வால் நீட்டும் உட்கணக் குறிக்கு அந்த அம்மா என்ன பெயர் வைத்தார் என்று கேட்டார்.