ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார்

தொழிலாளரின் உடல்நலத்தைத் தனி சாஸ்திரமாக்கியவர்களுள் முன்னணியில் நின்றவர் அமெரிக்க வைத்தியர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார். 1869-ம் வருஷத்தில் பிறந்து, 1893-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1897-ல் சிகாகோ நகரத்து ஏழைகளின் நடுவேயிருந்த ஹல் ஹவுஸ் என்னும் சேவா நிலையத்தில் குடியேறினார். ஈயத் தொழிலால் கை துவண்டு, சித்தம் கலங்கியவர்களைப் பற்றி அங்கேதான் அறிந்தார். கூலிக்காரன் கைகழுவாமல் உண்பதே காரணம் என்று முதலாளிகள் சாதித்தனர். 1910-ல் இல்லினாய்ஸ் மாகாண விசாரணையை ஏற்ற அம்மையார், வீடுதோறும் சென்றும் ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் புரட்டியும், சுவாசிக்கும் தூசியே பிரதான காரணமென்று காட்டினார்.

1919-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உதவிப் பேராசிரியரானார். அங்கு ஆசிரியப் பதவி வகித்த முதல் ஸ்திரீ அவரே. ஆயினும் பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கலாகாது என்பது நிபந்தனை! 1935-ல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் இல்லை. கல்விமான்களின் தாராளம் இவ்வளவே.

1924 அக்டோபரில், பெட்ரோலில் கலக்கும் ஈயத் திரவத்தைத் தயாரித்த நியூஜெர்ஸி ஆலையில் ஐவர் பிதற்றி மாண்டனர். 1925 மே 20-ந் தேதி வாஷிங்டனில் சர்க்கார் கூட்டிய மகாநாட்டில், தீங்கு ருஜுவாகும்வரை தடை கூடாதென்று கம்பெனிக்காரர் வாதித்தனர். அம்மையார் எதிர்த்தார். ஈயம் மெல்ல மெல்ல உடம்பில் சேரும் விஷம்; ஆலைக்குள்ளேயே அடங்காதது, தெருவெங்கும் ஓடும் மோட்டார்களில் அடங்குமா?

குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சந்தேகத்தின் பலனைத் தருவது நியாயஸ்தல முறை. அது மனிதனுக்கு உரிய சலுகை. அதை ஒரு விஷத்துக்கு வழங்கி, ருஜுவின் பாரத்தை மூச்சுவிடும் ஜனங்கள் தலையில் ஏற்றியதே அன்று நடந்த காரியம். 252 பேரைச் சில மாதங்களே பரிசோதித்த கமிட்டி, தடை செய்யக் காரணமில்லையென 1926 ஜனவரியில் அறிக்கையிட்டது. பரிசோதனையைச் சர்க்கார் செலவில் தொடர வேண்டுமென்றும் அக்கமிட்டி சொல்லிற்று. அது மட்டும் நடக்கவில்லை. சுமார் நாற்பது வருஷ காலம் ஈய ஆராய்ச்சி பெரும்பாலும் கம்பெனியின் வைத்திய ஆலோசகர் ராபர்ட் கீஹோ வசமே இருந்தது, பணமும் கம்பெனிகளுடையது. மனித உடம்பில் ஈயம் இயற்கையாகவே உள்ளது, ஓர் அளவுக்குக் கீழ் அதனால் தீங்கில்லை என்பது அவர் சித்தாந்தம். 1965-ல் கிளேர் பாட்டர்ஸன் என்னும் ரஸாயன சாஸ்திரி, எங்கும் காண்பது வேறு, இயற்கை வேறு என்று எடுத்துக் காட்டியபோதுதான் அது ஆட்டங்கண்டது.

அம்மையார் 1970 செப்டம்பரில், 101-ம் வயதில் காலமானார். ஈயப் பெட்ரோல் விற்பனை இந்தியாவில் 2000-ல் நின்றது. உலகில் கடைசியாக மோட்டார் வண்டிகளுக்கு அதை விற்ற அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.