தேர்தல் களத்தில் காமராசர்

மதுரைக்குத் தெற்கே கரிசல் மண் பரந்து கிடக்கும் நிலப்பகுதி விருதுநகர் வட்டாரமாகும். அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வட்டாரம், 1985ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. வற்றாத ஆறு ஒன்றும் இங்கு இல்லை. வானம் பொய்த்தலும் கிணறு வறளுதலும் இங்குப் புதியன அல்ல. வானத்தை நம்பி வாழ இயலாத மக்கள், தம் கைகளை நம்பி வாழத் தலைப்பட்டனர். விருதுநகர் வாணிகத்தால் வளர்ந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அதன்பின் சிவகாசியும், அதனை அடுத்த நாரணாபுரம் முதலிய ஊர்களும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்றன. உழவுக்குப் பகையாய் நின்ற வறட்சியே, உலராவிடில் பயன்படாத அத்தொழிலுக்குத் துணையாயிற்று.

இத்தகைய மண்ணிலே, விருதுநகரில், 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் காமராசர். அவருக்கு ஆறு வயது நிரம்பிய காலத்தில் தந்தையார் மறைந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசியால் நடந்த பள்ளியாகும். ஊரார் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி குறைத்து ஊர்ப்பிள்ளைகளுக்குக் கல்வி ஊட்டினர். ஆயினும் குடும்பத்தின் வறுமை காமராசரை அங்கு நெடுநாள் இருக்க விடவில்லை. பள்ளியை விடுத்து, தாய்மாமனின் துணிக்கடையிலே அமர்ந்தார். கடையில் இருந்தது உடலே. உள்ளமோ பொதுக்கூட்டங்களின் பின்னே சென்றது. 1919ஆம் ஆண்டில் சாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலை அவர் நெஞ்சைச் சுட்டது. கடையை மறந்தார், காங்கிரசுத் தொண்டரானார். 1930ஆம் ஆண்டில் வேதாரணிய உப்பு அறப்போரில் ஈடுபட்டு, வங்க நாட்டு அலிப்பூர்ச் சிறையை அடைந்தார். பின்னரும் பன்முறை சிறை புகுந்தார். எல்லாம் கூட்டின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையிலே கழித்தனர் என்பர்.

1937ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. சாத்தூர்ப் பகுதியிலிருந்து காமராசர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அந்நாளைய தேர்தலை இந்நாளைய தேர்தலோடு ஒப்பிடுதல் ஆகாது. சொத்தோ, வரியோ, கல்வியோ உடையவர்க்கே அன்று வாக்குரிமை இருந்தது. பருத்திக் காட்டில் களை பறிக்கும் பெண்ணுக்கும், மூட்டை சுமக்கும் கூலியாளுக்கும் வாக்குப் பெட்டியின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய அனைவரும் வாக்களிக்கும் உரிமையைக் குடியரசின் அரசமைப்பே அளித்தது. அவ்வயது பதினெட்டாகக் குறைந்தது 1989ஆம் ஆண்டில்தான். ஏழை எளியோர் வாக்களிக்க இயலாத அக்காலத்தில், ஏழைத் தாயின் மகன் ஒருவர் சட்டசபை புகுந்தார் என்பது கருதத்தக்கது.

காமராசரின் அரசியல் ஆசான் சத்தியமூர்த்தி ஆவார். நாவன்மையிற் சிறந்த அவர் 1936ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானபோது, காமராசர் செயலாளராய் அமைந்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1940ஆம் ஆண்டில் தலைவர் பதவிக்குக் கடும் போட்டி எழுந்தது. இராசாசியின் ஆதரவு பெற்றவர் ஒருபுறம், காமராசர் மறுபுறம். காமராசர் 103 வாக்குகளும், எதிர்த்தவர் 100 வாக்குகளும் பெற்றனர். மூன்றே வாக்குகள்! மாணவர் தலைவரானார், ஆசான் அவருக்குக் கீழே செயலாளராய் இருக்க மனமுவந்து இசைந்தார். இருவருள் யார் பெரியர் என்று கூறுதல் அரிது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. தனியாள் அறப்போரின் காலத்தே காமராசர் வேலூர்ச் சிறையிலே காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, விருதுநகர் நகராட்சியின் தலைவராக ஊரார் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1941ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்றுவந்த காமராசர், அன்புடன் அளிக்கப்பட்ட அப்பதவியைத் துறந்தார். நாட்டு விடுதலைக்காக ஊரூராய் அலைபவர் நகராட்சிப் பணியைச் செவ்வனே ஆற்றுதல் இயலாது. ஆற்ற இயலாத பதவியை ஏற்றிருத்தல் தகாது என்பதே அவர் கொள்கை. பெயருக்குப் பதவியை வைத்துக்கொண்டு பணியைப் பிறர் தலையிற் கட்டுவோர் எக்காலத்தும் உளர். அவ்வழி அவருக்குத் தெரியாததன்று, பிடிக்காதது.

1946ஆம் ஆண்டில் மீண்டும் சட்டசபைக்கும், அரசமைப்பு மன்றத்துக்கும் அவர் தேர்வு பெற்றார். 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றார். அத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசு பெரும்பான்மை பெறவில்லை. 375 இடங்களில் 152 இடங்களே அதற்குக் கிடைத்தன. மேலவைக்கு நியமனம் பெற்ற இராசாசி முதலமைச்சரானார். அவர் 1953ஆம் ஆண்டில் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954ஆம் ஆண்டில் இராசாசி பதவி விலகினார்.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி உறுப்பினர் கூடினர். சி. சுப்பிரமணியமும் காமராசரும் போட்டியிட்டனர். காமராசர் வென்றார். ஏப்பிரல் 13ஆம் நாள் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவச்சலத்தையும் தம் அமைச்சரவையிலே சேர்த்துக்கொண்டார். தம்மையும் சேர்த்து எட்டுப் பேரே கொண்ட சிறிய அமைச்சரவை அது. தோற்றவரைத் தூற்றுவதும், எதிர்த்தவரை ஒதுக்குவதும் வென்றோர்க்கு இயல்பு. காமராசரோ போட்டி முடிந்த பொழுதிலேயே பகையையும் முடித்துவிட்டார்.

முதலமைச்சர் ஆறு திங்களுக்குள் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராதல் வேண்டும். மேலவையில் இடம் பெறுதல் எளிய வழி. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. காமராசர் மக்களிடமே செல்லத் துணிந்தார். வட ஆர்க்காட்டு மாவட்டத்துக் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு நின்றார். நெசவாளர் மிக்க அவ்வூர் அவருடைய பிறந்த மண்ணுக்கு மிகத் தொலைவிலுள்ளது. உறவினரும் இல்லை, ஊர்ப்பற்றும் துணை நில்லாது. பொதுவுடைமைக் கட்சியார் அவரை எதிர்த்து நின்றனர். காங்கிரசை நாளும் எதிர்த்துவந்த பெரியாரும், அறிஞர் அண்ணாவின் தி.மு.கழகமும் அவரை ஆதரித்தமை அத்தேர்தலின் தனிச்சிறப்பு. காமராசர் பெருவெற்றி எய்தினார். 1957, 1962ஆம் ஆண்டுகளில் சாத்தூர்த் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர்.

ஒன்பதரை ஆண்டுகள் அவர் முதலமைச்சராய் இருந்தார். முந்திய கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. பசித்த வயிற்றோடு பாடம் கேட்க இயலாது என்பதனை உணர்ந்து, 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கு ஊர்மக்களின் கொடையே பெரிதும் கைகொடுத்தது. பிடியரிசிப் பள்ளியிலே பயின்றவர் அத்திட்டத்தை வகுத்ததில் வியப்பில்லை. வைகையிலும் மணிமுத்தாற்றிலும் சாத்தனூரிலும் அணைகள் அமைந்தன.

விருதுநகரில் அன்னையார் சிவகாமி அம்மையார் பழைய சிறு வீட்டிலேயே வாழ்ந்துவந்தார். முதலமைச்சரின் தாயார் தெருக்குழாய்க்குச் செல்வதோ என்று எண்ணிய நகராட்சியார், அவ்வீட்டுக்குத் தனியே குழாய் இணைத்தனர். செய்தி அறிந்த காமராசர் அதனை உடனே அகற்றச் செய்தார் என்று கூறுவர். தண்ணீரின் அருமை அறிந்த வறண்ட ஊர் அது. தெருவார் குடத்தோடு காத்துநிற்க, அவர்கள் வாக்கால் உயர்ந்தவர் வீட்டிலே மட்டும் குழாயில் நீர் வருதல் முறையன்று என்பது அவர் கருத்து. பெற்ற தாய்க்கு இவ்வளவும் செய்யலாகாதா என்று வருந்துவோரும் இருக்கக்கூடும். அவ்வருத்தத்திலும் நியாயம் உண்டு.

பதவியிலிருப்போர் சிலர் அதனை விடுத்துக் கட்சிப் பணிக்குத் திரும்புதல் வேண்டும் என்னும் திட்டத்தை 1963ஆம் ஆண்டில் காமராசர் முன்வைத்தார். பிறருக்குச் சொன்னதைத் தாமே முதலிற் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964ஆம் ஆண்டில் நேரு மறைந்தபோதும், 1966ஆம் ஆண்டில் சாத்திரி மறைந்தபோதும் அடுத்த பிரதமர் யார் என்பதனை முடிவு செய்வதில் அவரே முன்னின்றார். தமக்கென அப்பதவியை நாடவில்லை.

1967ஆம் ஆண்டு வந்தது. நாட்டில் அரிசிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசு கையாண்ட கடுமையை மாணவர் மறக்கவில்லை. தி.மு.கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாக வாக்களித்தது. காமராசர் தாம் பிறந்த விருதுநகரிலேயே சட்டமன்றத்துக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், மாணவர் போராட்டத்தில் முன்னின்ற இளைஞரான பெ. சீனிவாசன். இந்தியப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்ற தலைவருக்கு இவ்விளைஞர் ஈடாவாரா என்று பலரும் எண்ணினர். வாக்குகள் எண்ணப்பட்டன. 1,285 வாக்கு வேறுபாட்டில் காமராசர் தோற்றார்.

பிடியரிசி தந்து படிக்க வைத்த ஊர். சிறையில் இருந்தவரை நகராட்சித் தலைவராக்கிய ஊர். அதுவே இன்று அவரை வேண்டா என்றது. இதனை நன்றியின்மை என்று கூறினாரும் உளர். அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. வாக்கு என்பது பழைய கடனுக்குச் செலுத்தும் வட்டியன்று. அரிசி கிடையாத தாய்மார்க்கு அன்றைய அரசைக் கேள்வி கேட்க இருந்த வாயில் அஃது ஒன்றே. காமராசர் இதனை நன்கு அறிந்திருந்தார். மக்களைப் பழிக்கவில்லை, வென்றவரைக் குறைகூறவில்லை. கண்கலங்கிய தொண்டரைத் தேற்றினார். மக்களாட்சியில் இது நிகழக்கூடியதே என உணர்த்தினார். புதிய அரசு செயற்படச் சில திங்கள் இடம் தருதல் வேண்டும் என்றும் தம் கட்சியினருக்கு அறிவுறுத்தினார். வெற்றி பெற்ற அண்ணாவோ, காமராசர் தோற்றார் என்னும் செய்தி கேட்டு வருந்தினார். வென்றவர் வருந்தவும் தோற்றவர் தேற்றவும் கண்ட தேர்தல் அது.

தோல்வியோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதியில் நேசமணியின் மறைவால் 1969ஆம் ஆண்டு சனவரியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. குமரி மாவட்டத்து மக்கள் 1,28,201 வாக்கு மிகுதியால் அவரை வெற்றிபெறச் செய்தனர். அவ்வாண்டிலேயே காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. இந்திரா காந்தியின் அணியினின்று பிரிந்த பழைய காங்கிரசிலே காமராசர் நின்றார். 1971ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி தமிழ்நாட்டில் படுதோல்வியுற்றது. பாராளுமன்றத்துக்கு அக்கட்சியின் சார்பில் தமிழகத்திலிருந்து ஒருவரே வென்றார். அவ்வொருவர் நாகர்கோவிலில் நின்ற காமராசர்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த திருநாளில், சென்னையில் தம் எழுபத்திரண்டாம் வயதில் காமராசர் இயற்கை எய்தினார். அவர் திருமணம் செய்துகொண்டவரல்லர். தமக்கென நிலமோ வீடோ தேடிவைக்கவில்லை. சில கதராடைகளும் நூல்களும் சிறிதளவு பணமுமே எஞ்சின. அடுத்த ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது. மறைந்த அன்றும் அவர் நாகர்கோவில் மக்களின் பாராளுமன்ற உறுப்பினராகவே இருந்தார்.