தாய்மாரைக் காத்த செம்மெல்வைஸ்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் வீட்டு மூதாட்டியர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சூல்கொண்ட மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்த நாள்தொட்டுக் குழவியின் அழுகுரல் செவியில் விழுமளவும் வீட்டார் நெஞ்சம் படும் பாடு எழுத்திலடங்காது. அக்குரல் கேட்ட பின்னரும் அச்சம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. பெற்ற இரண்டு மூன்று நாளில் தாய்க்குக் குளிர் நடுக்கத்தோடு கடுஞ்சுரம் காணும்; அடிவயிறு வீங்கி நோகும்; நாடி விரையும்; அறிவு தடுமாறும்; சின்னாளில் உயிர் பிரியும். முற்காலத்தில் எண்ணிறந்த இல்லங்களை இருளச் செய்த இந்நோயே பிரசவ சுரம் எனப்படுவது.

இக்கொடு நோய் புகும் வாயில் இதுவெனக் கண்டு, அதனை அடைக்கும் வழியையும் காட்டியவர் ஒரு மருத்துவர். அவர் சொன்ன மருந்து விலையுயர்ந்ததன்று. கையைக் கழுவுங்கள் என்பதே. ஆயினும் அவ்வொரு சொல்லின் பொருட்டு அவர் பட்ட துன்பம் பெரிது. அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் சுருங்க எடுத்துரைப்பான் கருதினோம்.

பிறப்பும் கல்வியும்

இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் இப்பெரியார் 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் அங்கேரி நாட்டில் பூடா நகரில் பிறந்தார். டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் பூடாவும் மறு கரையில் பெஸ்டும் அக்காலத்தே தனித்தனி நகரங்களாய் இருந்தன. அவை 1873-இல் ஒன்றுபட்டுப் புடாபெஸ்ட் என்னும் பெயர் பெற்றன. தந்தையார் மளிகை வாணிகர். மக்கள் பலர் உள்ள குடும்பம். மைந்தரைச் சட்டம் பயிற்றுவிக்க விரும்பித் தந்தையார் 1837-இல் வியன்னாவுக்கு விடுத்தனர். ஆனால் இளைஞரின் உள்ளமோ மருத்துவத்தை நாடிற்று. அடுத்த ஆண்டே அவர் சட்டத்தை விடுத்து மருத்துவம் பயிலத் தொடங்கி, 1844-இல் பட்டம் பெற்றார். 1846-ஆம் ஆண்டு ஜூலையில் வியன்னாப் பெருமருத்துவமனையின் முதற் பிரசவப் பகுதியில், கிளைன் என்னும் பேராசிரியருக்குத் துணை மருத்துவராய் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

இரண்டு பகுதிகள்

அம்மருத்துவமனையில் பிரசவத்துக்கென இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணாக்கரும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகளும் பயின்றுவந்தனர். முறை வைத்துக்கொண்டு ஒருநாள் ஒரு பகுதியும், மறுநாள் மற்றைப் பகுதியும் கருவுற்ற மகளிரை ஏற்றுக்கொள்ளும். அங்கு வந்தோருட் பெரும்பாலார் ஏழையரே.

இவ்விரு பகுதிகளின் கணக்கைப் பாருங்கள். 1846-ஆம் ஆண்டில் முதற்பகுதியில் பிள்ளைபெற்றோர் 4,010 பேர். அவருள் இறந்தோர் 459 பேர். இரண்டாம் பகுதியில் பெற்றோர் 3,754 பேர்; இறந்தோர் 105 பேரே. 1841 முதல் 1846 முடிய ஆறாண்டுகளையும் கூட்டினால், முதற்பகுதியில் 20,042 பேருக்கு 1,989 பேரும், இரண்டாம் பகுதியில் 17,791 பேருக்கு 691 பேரும் மாண்டனர். ஒரே மருத்துவமனை, ஒரே ஊர் நீர், ஒரே காற்று. மருத்துவம் கற்றோர் கைபட்ட இடத்தே சாவு மிகுந்தும், மருத்துவச்சியர் கைபட்ட இடத்தே குறைந்தும் இருந்தது.

இவ்வுண்மை ஊரறிந்ததாயிற்று. தம்மை முதற்பகுதியில் சேர்க்க வேண்டாவென மகளிர் மண்டியிட்டுக் கைகூப்பி அழுது வேண்டினர். வரும் வழியிலேயே தெருவில் பிள்ளைபெற்றுப் பின் வந்தவர்க்கும் இந்நோய் அத்துணை மிகுதியாக வந்திலது. தெருவினும் மருத்துவமனை கொடிதாயிற்றே என்னும் எண்ணம் செம்மெல்வைஸ் உறக்கத்தைக் கெடுத்தது.

காரணம் தேடியது

அக்காலத்து மருத்துவர் பலர் இந்நோய் நச்சுக்காற்றால் வருவதென நம்பினர். அங்ஙனமாயின் அக்காற்று ஒரு பகுதியில் மட்டும் வீசுவானேன்? கூட்ட நெருக்கமோவெனின், மகளிர் விரும்பிச் செல்லும் இரண்டாம் பகுதியிலேயே நெருக்கம் மிகுதி. இறக்கும் நோயாளிக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் முதற்பகுதியின் அறைகளூடே மணியடித்துச் செல்வதுண்டு. அவ்வோசை கேட்டு அஞ்சுதலால் நோய் வருமோ என ஐயுற்று, அவரை வேறு வழியாக மணியோசையின்றி வருமாறு வேண்டிக்கொண்டார், சாவு குறையவில்லை. இரண்டாம் பகுதியிற்போல் மகளிரைப் பக்கவாட்டில் கிடத்திப் பிரசவம் பார்க்கச் செய்தார், அதனாலும் பயனில்லை. இவ்வாறு ஒவ்வொரு காரணமாக எடுத்து, ஆய்ந்து, அன்றெனத் தள்ளிவந்தார். சோதித்துத் தள்ளுதலும் ஆராய்ச்சியின் ஒரு கூறே என்பதை நம் மாணவச் செல்வர் மனங்கொள்க.

1847-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஓய்வு கருதி வெனிஸ் நகர் சென்று மீண்டார். மீண்டதும் அவர் கேட்ட செய்தி இடிபோன்றது. அவர் பெரிதும் மதித்த நண்பரான கொல்லெட்ச்கா என்னும் பேராசிரியர் இறந்துபோயிருந்தார். பிணத்தை அறுத்து மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போது, மாணாக்கர் ஒருவர் கைக்கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயமே நஞ்சாகி உயிரைக் கவர்ந்தது. அவர் உடலை ஆய்ந்து எழுதிய குறிப்பைச் செம்மெல்வைஸ் படித்தார். துயரத்தினூடே ஓர் உண்மை பளிச்சிட்டது: பிரசவ சுரத்தில் இறந்த தாய்மாரின் உடலில் தாம் நாடோறும் கண்ட அடையாளங்களே நண்பர் உடலிலும் இருந்தன!

நண்பர்க்கு நோய் தந்தது பிணத்திலிருந்து கத்தி வழியே சென்ற பொருள். அங்ஙனமாயின் தாய்மார்க்கு அதனைக் கொண்டு சென்றது யாது? மாணாக்கரும் ஆசிரியரும் காலையில் பிண அறுவைச் சாலையிற் பயின்று, அங்கிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்து, அதே கையால் மகளிரைச் சோதித்தனர். சவர்க்காரமிட்டுக் கழுவினும் அக்கைகளில் பிணவாடை எஞ்சி நின்றது. மருத்துவச்சியரோ பிணமறுத்துப் பயில்வாரல்லர். ஆகவே நோயைக் கொண்டு சென்றது மருத்துவரின் கையே!

நம் நாட்டில் இழவு வீட்டுக்குச் சென்றவர் நீராடாது வீட்டினுட் புகார். இது கொண்டு நம் முன்னோர் நோய்க்கிருமியை அறிந்திருந்தார் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. அவ்வழக்கமுள்ள நம் வீடுகளிலும் கழுவாத கையாலும் தூய்மையற்ற கத்தியாலும் தாயும் சேயும் மாண்டதுண்டு. வழக்கம் வேறு, காரணமறிந்து காத்தல் வேறு.

கழுவிய கை

வாடை போகாமை அழுக்கு எஞ்சியுள்ளமைக்கு அறிகுறி என உணர்ந்த செம்மெல்வைஸ், வாடையைப் போக்கவல்ல குளோரின் கரைசலைத் தேர்ந்தார். 1847-ஆம் ஆண்டு மே மாத நடுவில், பிரசவ அறைக்குள் நுழையும் எவரும் அக்கரைசலிற் கை கழுவியே புகுதல் வேண்டும் என்று கட்டளையிட்டார். பின்னர் விலை குறைந்த குளோரின் சுண்ணாம்புக் கரைசலை வழங்கினார்.

விளைவு வியப்பினும் வியப்பு. ஏப்ரல் மாதத்தில் பிள்ளைபெற்ற 312 பேரில் 57 பேர் இறந்திருந்தனர். ஜூலையில் 250 பேரில் இறந்தோர் மூவரே. மறு ஆண்டு 1848 முழுமையும் 3,556 பேரில் இறந்தோர் 45 பேர். அவ்வாண்டில் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களிலும் ஒரு தாயும் இறந்திலள்.

இடையே 1847 அக்டோபரில் ஒரு துயரம் நேர்ந்தது. கருப்பையிற் புற்றுநோயுற்ற ஒருத்தியை முதலிற் சோதித்து, அடுத்தடுத்த படுக்கையிலிருந்தோரை இடையே கரைசலிற் கை கழுவாது சோதித்தனர். பன்னிருவருட் பதினொருவர் மாண்டனர். அழுகிய பொருள் பிணத்திலிருந்து மட்டுமன்றி உயிருள்ள உடலிலிருந்தும் பரவும் என்பதை அதனாற் கற்றார். ஒவ்வொரு நோயாளியையும் தொட்டபின் கைகழுவுக என்று விதியை விரித்தார்.

இவற்றினும் நாம் போற்றுவது பிறிதொன்று. செம்மெல்வைஸ் தாமே பிண அறுவையில் மிக்க ஊக்கமுடையவர். நாடோறும் காலையில் அதனைச் செய்துவிட்டே பிரசவ அறைக்கு வந்தவர். தாம் கண்ட உண்மையின்படி, தம் கையாலேயே பல தாய்மார் மாண்டிருத்தல் வேண்டும். அதனை அவர் மறைத்தாரல்லர். தாம் காலமாகாமற் கல்லறைக்கு அனுப்பியோர் தொகையை இறைவனே அறிவான் என்னும் கருத்துப்படத் தம் நூலிலேயே எழுதிவைத்தார். பிறர் குற்றம் காண்பார் உலகிற் பலர். தம் கையின் கறையைத் தாமே கண்டு, ஊரறியச் சொல்லி, அதனைக் கழுவுவார் மிகச் சிலர்.

எதிர்ப்பும் இடரும்

இத்துணைத் தெளிவான உண்மையை உலகம் ஏற்றிருக்க வேண்டுமன்றோ? ஏற்கவில்லை. ரொகிட்டான்ஸ்கி, ஸ்கோடா, ஹெப்ரா என்னும் அறிஞர் மூவர் அவர்க்குத் துணைநின்றனர். ஏனையோர் பலர் எள்ளினர். சிலர் வாளா இருந்தனர். உயிர் காக்கும் கையே உயிர் கொல்லும் கை எனக் கேட்கப் பொறாமை ஒரு காரணம். அழுகிய துகள் எவ்வாறு கொல்லும் என்பதைக் கண்ணாற் காணக் காட்ட அவரால் இயலாமை மற்றொரு காரணம்.

அவரிடத்தும் குறை இருந்தது. நண்பர் பன்முறை வற்புறுத்தியும் தம் கண்டுபிடிப்பை அவர் விரைந்து எழுதி வெளியிடவில்லை. முதலில் ஹெப்ராவும் பின்னர் ஸ்கோடாவுமே அவர்க்காக எடுத்துரைத்தனர். எழுதாத உண்மை பிறர் வாயில் திரிபுறுதல் இயல்பு. பிணத்துகள் ஒன்றே காரணமென அவர் சொல்வதாகப் பலர் பிறழ உணர்ந்து மறுத்தனர்.

1849-இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. கிளைன் அதனை நீட்டிக்க இசைந்திலர். மறு ஆண்டு கிடைத்த ஆசிரியப் பதவியோ பொம்மையை வைத்தே கற்பிக்கலாமென்னும் கட்டுப்பாடுடையது. மனம் வெதும்பிய செம்மெல்வைஸ் நண்பரிடமும் சொல்லாது வியன்னாவை விட்டகன்றார். துணைநின்றோர் அதனால் வருந்தினர்.

பெஸ்ட் நகரில் புனித ரோக்குஸ் மருத்துவமனையில் 1851-இல் ஊதியமின்றிப் பிரசவப் பகுதியின் தலைமையை ஏற்றார். அங்கும் கைகழுவும் முறையைப் புகுத்தினார். அங்கு நிகழ்ந்த 933 பிரசவங்களில் இச்சுரத்தால் இறந்தோர் எண்மரே. 1855-இல் பெஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1857-இல் மரியா என்னும் நங்கையை மணந்து மக்கட்பேறும் எய்தினார்.

கண்டுபிடித்துப் பதின்மூன்று ஆண்டு கழிந்த பின்னரே, 1860-இல், தம் பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். நூல் பெரிது, கணக்குகள் மிக்கது, மறுத்தோரைத் தாக்கும் பகுதிகளும் நிறைந்தது. பெரும்பாலார் அதனை மதித்திலர். அவர் உள்ளம் கொதித்தது. வெளிப்படையான கடிதங்கள் எழுதித் தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலைஞர் என்றே கடிந்தார். சொன்னதிற் பொய்யில்லை, ஆனால் சினத்தாற் சொன்ன மெய் செவிகளை அடைத்துவிட்டது. சொல்வன்மை என்பது உண்மைக்கு ஊர்தி. ஊர்தியின்றி உண்மை தளர்நடையிட்டே செல்லும். அது சென்று சேருமுன் தாய்மார் மாண்டுகொண்டிருந்தனர்.

முடிவு

1865-இல் அவர் அறிவு நிலைகுலைந்தது. ஜூலை மாதத்தில் வியன்னாவிலுள்ள மனநோயாளர் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டார். அங்குக் காவலர் அவரை அடித்துத் துன்புறுத்தினர் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. இரண்டு கிழமைக்குள், ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 47-ஆம் அகவையில் உயிர்நீத்தார். காயத்தினின்று குருதியிற் பரவிய நஞ்சே அவர் உயிரைக் கொண்டது. எந்நோயினின்று தாய்மாரைக் காக்க வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அதற்கு இனமான நோயே அவரையும் கொண்டது!

அதே ஆகஸ்டு மாதத்தில் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் புண்களைத் தூய்மை செய்யத் தொடங்கினார். 1879-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், மணிகள் கோத்தாற்போல் தொடர்ந்து நிற்கும் நுண்கிருமியே பிரசவ சுரத்துக்குக் காரணமென விளக்கினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என அதற்குப் பெயர். நச்சுக்கொடி பிரிந்தபின் கருப்பையின் உட்புறம் ஆறாப் புண்போல் இருத்தலால், கையில் ஒட்டிய கிருமி அதன்வழியே குருதியிற் கலக்கின்றது. செம்மெல்வைஸ் துகள் என்றதற்கு இவ்வாறு உருவம் கிடைத்தது.

காலம் அவர்க்கு நீதி வழங்கிற்று. 1969-இல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரை ஏற்றது. அவர் பிறந்த வீடு மருத்துவ வரலாற்றுக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. அவர் உடலெச்சமும் அங்கேயே துயில்கின்றது. 2013-இல் அவர் கண்டுபிடிப்பைப் பற்றிய ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

அன்பர்களே, இச்சரிதத்தைப் படித்து இரங்குவதோடு அமைதல் சாலாது. பிரசவ சுரத்துக்கு நல்ல மருந்துகள் இந்நாளில் உள்ளன. எனினும் அந்நோய் உலகினின்று ஒழிந்திலது. பேறுகால அறையிற் புகுவோரும், பச்சிளங் குழவியைக் கையிலெடுப்போரும், உறவினராயினும் முதியராயினும், சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. தாயைத் தொடவரும் மருத்துவரையோ செவிலியையோ நோக்கிக் கை கழுவியாயிற்றா என்று பணிவோடு கேட்டல் அவமதிப்பன்று. அவ்வொரு வினாவைக் கேட்கும் துணிவு நம் வீட்டு மகளிர்க்கு உண்டாகுமாயின், அதுவே செம்மெல்வைஸ் பெருமகனார்க்கு நாம் செய்யும் தக்க கைம்மாறாகும்.