ஸ்மார்ட் டோர்பெல் மாட்டப் போறீங்களா? அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற ஜோசப் ஹென்றி யார்னு தெரிஞ்சுக்கோங்க!

வாசலில் யாரோ வந்து பட்டனை அழுத்துகிறார். அடுத்த சில நொடிகளில், ஆபீஸில் இருக்கும் உங்கள் செல்போனில் அவர் முகம் தெரிகிறது. அங்கிருந்தே பேசலாம், பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். இதுதான் ஸ்மார்ட் வீடியோ டோர்பெல்.

இதில் பேட்டரியில் ஓடும் மாடலும் இருக்கிறது, ஒயரில் ஓடும் மாடலும் இருக்கிறது. ஒயர் மாடலைப் பொருத்தும்போது அமெரிக்க வீடுகளில் பழைய காலிங் பெல் பட்டனைக் கழற்றுவார்கள். பின்னாடி மெல்லிய ரெண்டு ஒயர் மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த ஒயர்கள் போய்ச் சேரும் இடம் ரெண்டு. ஒன்று, டிங் டாங் என்று அடிக்கும் மணிப்பெட்டி. இன்னொன்று, வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்.

கேமராவும் வைஃபையும் புதுசுதான். ஆனால் மணிப்பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட 200 வருஷப் பழசு. அந்த ரெண்டுக்கும் அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஹென்றி என்ற பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் அவர் ஒன்றுக்குக்கூட காப்புரிமை வாங்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

வாட்ச் கடையில் வேலை பார்த்த சிறுவன்

1797 டிசம்பர் 17 அன்று நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார் ஹென்றி. ஸ்காட்லாந்து வம்சாவளி, கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம். சின்ன வயசிலேயே பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போன நேரம் போக, அந்த ஊர் மளிகைக் கடையிலும் வேலை. அப்பாவும் சீக்கிரமே இறந்துவிட்டார்.

பதின்ம வயதில் ஆல்பனியில் ஒரு வாட்ச் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆனால் மனசெல்லாம் நாடகத்தின் மேல்தான். நடிகராகவே ஆகிவிடுவார் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்தார்கள்.

16 வயதில் எல்லாம் மாறியது. வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஒருவர் வைத்திருந்த அறிவியல் புத்தகம் கையில் கிடைத்தது. மேலே எறியும் கல் ஏன் கீழே வருகிறது என்பது மாதிரியான எளிய கேள்விகள் நிறைந்த புத்தகம் அது. நாடக ஆசை அதோடு முடிந்தது.

1819-ல் ஆல்பனி அகாடமியில் கட்டணம் இல்லாமல் இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு மற்றவர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். நடுவில் சாலை போடுவதற்கான நில அளவை வேலைக்கும் போனார். 1826-ல் அதே அகாடமியில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஆனார்.

கம்பிக்குப் பட்டுச் சட்டை

அப்போது ஐரோப்பாவில் பரபரப்பான விஷயம் மின்காந்தம். இரும்பைச் சுற்றிக் கம்பியைச் சுற்றி அதில் கரண்ட் விட்டால், கரண்ட் இருக்கும் வரை இரும்பு காந்தமாகிவிடும். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1825-ல் செய்து காட்டிய காந்தம் சுமார் 4 கிலோ எடையைத் தூக்கியது.

ஸ்டர்ஜன் சுற்றியது வெறும் கம்பி. ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டால் கரண்ட் குறுக்கே பாய்ந்துவிடும். அதனால் இடைவெளி விட்டு விட்டுத்தான் சுற்ற முடிந்தது. ஹென்றி யோசித்தது ரொம்ப எளிமையான விஷயம். இரும்புக்குப் பதிலாகக் கம்பிக்கே பட்டால் உறை போட்டால் என்ன? இப்போது சுற்றுகளை நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றலாம். மனைவி ஹாரியட்டின் பட்டுப் பாவாடையைக் கிழித்துத்தான் கம்பியில் சுற்றினார் என்று ஒரு கதை கூட உண்டு.

1831-ல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இத்தனைக்கும் அவர் முழுநேர ஆராய்ச்சியாளர் இல்லை. நாள் முழுக்க வகுப்பு. பெரிய சோதனைகளுக்குக் கிடைத்ததெல்லாம் கோடை விடுமுறை மட்டும்தான். பள்ளி திறந்ததும் ஹாலைக் காலி செய்தாக வேண்டும்.

வகுப்பறையைச் சுற்றி ஒரு மைல் கம்பி

கம்பி நீண்டுகொண்டே போனால் கரண்டின் பலம் குறைந்துவிடும், அதனால் தூரத்துக்குச் செய்தி அனுப்ப மின்சாரம் உதவாது என்பது அன்றைய கருத்து. இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ அதைச் சோதனை செய்தே சொல்லியிருந்தார்.

அந்தச் சிக்கலுக்கு விடை கண்டுபிடித்தார் ஹென்றி. பல பேட்டரி செல்களை வரிசையாக இணைக்க வேண்டும், மறுமுனையில் இருக்கும் காந்தத்தில் நீளமான கம்பியை நிறைய சுற்று சுற்ற வேண்டும். இப்படிச் செய்தால் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

1831-ல் அகாடமியின் அறையைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கும் அதிகமான கம்பியைக் கட்டினார். ஒரு முனையில் பேட்டரி. மறுமுனையில் குதிரை லாட வடிவ மின்காந்தம், அதன் நடுவே அசையக்கூடிய ஒரு காந்தத் துண்டு, பக்கத்தில் ஒரு மணி. இந்தப் பக்கம் இணைப்புக் கொடுத்ததும் அந்தப் பக்கம் காந்தத் துண்டு திரும்பிப் போய் மணியை அடித்தது. மாணவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனால் டோர்பெல், தந்தி இரண்டுக்கும் விதை விழுந்தது அங்கேதான்.

இன்றைய அமெரிக்க வீட்டு மணிப்பெட்டியைத் திறந்து பார்த்தாலும் இதே ஏற்பாடுதான். உள்ளே நெருக்கமாகச் சுற்றிய கம்பிச்சுருள், அது இழுத்துத் தள்ளும் ஒரு இரும்புத் தண்டு, அந்தத் தண்டு போய் அடிக்கும் உலோகப் பட்டை.

முந்திக்கொண்ட ஃபாரடே

ஒரு சுருளில் கரண்ட்டைப் போட்டு நிறுத்தினால், தொடாமலேயே பக்கத்துச் சுருளிலும் கரண்ட் தோன்றும். இதுதான் மின்தூண்டல். ஹென்றி இதைத் தன் முயற்சியிலேயே கண்டுபிடித்தார். ஆனால் இன்னும் பெரிய கருவி செய்து நன்றாகச் சோதித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டார். அதற்குள் லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதையே அறிவித்துவிட்டார். செய்தி தெரிந்ததும் ஹென்றி அவசர அவசரமாக 1832-ல் தன் கட்டுரையை வெளியிட்டார். முதலில் பிரசுரித்தவருக்குத்தான் பெருமை என்பதால் அது ஃபாரடேவுக்குப் போனது. ஹென்றியும் அதில் சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஃபாரடே அதுவரை சொல்லாத ஒன்றும் இருந்தது. ஒரு சுருளில் ஓடும் கரண்ட் மாறும்போது, அதே சுருளே அந்த மாற்றத்தை எதிர்க்கும். தன்தூண்டல் எனப்படும் இந்தக் கண்டுபிடிப்பு ஹென்றியின் பெயரில் நிலைத்தது.

லேபிலிருந்து வீட்டுக்கு ஒரு சிக்னல்

1832-ல் இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. பட்டம் எதுவும் இல்லாத தன்னை எடுத்துக்கொள்வார்களா என்று தயங்கியவர், அங்கே 14 வருடம் பாடம் நடத்தினார். தன் ஆய்வகத்திலிருந்து வளாகத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கம்பி இழுத்து ஹாரியட்டுக்குச் சிக்னல் அனுப்பினார். சாப்பாட்டு விஷயம் வரை அதில்தான் போனது என்பார்கள்.

1838-ல் அவர் செய்த சோதனைகள்தான் நம் கதைக்கு முக்கியம். சுருள்களின் அமைப்பை மாற்றினால் குறைந்த வோல்டேஜை அதிகமாக்கலாம், அதிக வோல்டேஜைக் குறைக்கலாம் என்று காட்டினார். டோர்பெல்லுக்கு 16 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வது இந்த அடிப்படையில்தான்.

இந்த ஆய்வகத்தில் இன்னொருவரும் இருந்தார். 1840-களில் ஹென்றிக்கு உதவியாளராக இருந்த சாம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவர். கருவிகளைத் தயார் செய்தார், பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டார், சோதனைகளில் ஷாக் வாங்கிக்கொண்டதும் அவர்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வேலையே தடைபட்டது. ஆனால் வெளியான ஆய்வுகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

மோர்ஸுடன் மோதல் ஏன்?

தந்தி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் சாமுவேல் மோர்ஸ். அடிப்படையில் அவர் ஓவியர். ஆரம்பத்தில் அவருடைய கருவி சில அடி தூரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை. நியூயார்க்கில் அவருடன் பணியாற்றிய லெனார்ட் கேல் என்ற பேராசிரியர் ஹென்றியின் 1831 கட்டுரையைப் படித்தவர். செல்களைக் கூட்டுங்கள், காந்தத்தில் சுற்றுகளைக் கூட்டுங்கள் என்று வழி காட்டியது அவர்தான். அதன்பிறகே தூரம் மைல் கணக்கில் நீண்டது.

ஹென்றியும் மோர்ஸின் சந்தேகங்களைத் தீர்த்தார், 1842-ல் ஆதரவுக் கடிதமும் கொடுத்தார். அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் மோர்ஸுக்கு 30,000 டாலர் ஒதுக்கியது. 1844-ல் வாஷிங்டன் - பால்டிமோர் தந்தி ஓடியது.

1845-ல் மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் தந்தி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஹென்றியின் பங்கு பற்றி ஏறக்குறைய எதுவும் இல்லை. கண்டுபிடிப்பை இலவசமாகக் கொடுத்த மனிதர் எதிர்பார்த்தது பணம் இல்லை, பெயரைச் சொல்வது மட்டும்தான். அதுவே நடக்கவில்லை.

காப்புரிமை வழக்குகளில் ஹென்றியைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். தந்தியின் அறிவியல் அடிப்படை மோர்ஸுடையது இல்லை, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு என்பதே அவர் சாட்சியத்தின் சாரம். 1854-ல் உச்ச நீதிமன்றம் மோர்ஸின் காப்புரிமையைப் பெரும்பாலும் ஏற்றது. ஆனால் மின்காந்தத்தால் தூரத்தில் எழுத்தைப் பதிக்கும் எல்லா வழிகளும் தனக்கே சொந்தம் என்ற கோரிக்கையை மட்டும் நிராகரித்தது. கோபமான மோர்ஸ் 1855-ல் ஹென்றியைத் தாக்கி நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஹென்றி தன் நிறுவனத்திடமே விசாரிக்கச் சொன்னார். விசாரணைக் குழு ஹென்றி பக்கம்தான் நியாயம் என்றது.

ஒரு குழாயால் வந்த தீ

அந்த நிறுவனம்தான் ஸ்மித்சோனியன். 1846-ல் அதன் முதல் செயலாளராகச் சேர்ந்த ஹென்றி, சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் குறைந்தது. ஆனால் நாடு முழுக்க இருந்த தன்னார்வலர்களிடமிருந்து தந்தி மூலம் வானிலைத் தகவல் வாங்கி, 1856-லேயே தினசரி வானிலை வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்தார். தனக்கு மனக்கசப்பைக் கொடுத்த தந்தியை வைத்தே!

1865 ஜனவரி 24 அன்று ஸ்மித்சோனியன் கட்டடத்தில் வேலையாட்கள் குளிருக்காக அடுப்பு வைத்தார்கள். அதன் குழாயைப் புகைபோக்கி என்று நினைத்துச் சுவர் இடுக்கில் செருகிவிட்டார்கள். மேல்தளம் எரிந்தது. ஹென்றியின் அலுவலகத்தில் இருந்த கடிதங்களும் காகிதங்களும் சாம்பலாயின. யார் எதை முதலில் செய்தார்கள் என்று 20 வருடம் போராடிய மனிதரின் ஆவணங்கள் ஒரே மதியத்தில் போய்விட்டன.

பெல் வந்த நாள்

1875-ல் ஒரு இளைஞர் ஹென்றியைப் பார்க்க வந்தார். குரலைக் கம்பியில் அனுப்பும் யோசனை இருக்கிறது, ஆனால் மின்சாரம் பற்றிய அறிவு போதவில்லை என்று தயங்கினார். அப்படியென்றால் அதைக் கற்றுக்கொள் என்பதுதான் ஹென்றி சொன்னதன் சுருக்கம். அந்த இளைஞர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அடுத்த வருடம் டெலிபோன் பேசியது.

1878 மே 13 அன்று வாஷிங்டனில் ஹென்றி காலமானார். இறுதிச் சடங்கில் அதிபர் ஹேய்ஸ் கலந்துகொண்டார். 1893-ல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, மின்தூண்டலை அளக்கும் அலகுக்கு ஹென்றி என்று பெயர் வைத்தது. காப்புரிமையில் இல்லாத பெயர், உலகம் முழுக்க இயற்பியல் புத்தகங்களில் ஏறியது. சாம் பார்க்கருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

நம்ம வீட்டில் ஒயர் டோர்பெல் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அமெரிக்காவில் டோர்பெல் ஒயரில் வருவது டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துக் கொடுத்த வோல்டேஜ். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் காலிங் பெல் சுவிட்சுக்கு வருவது நேரடி 230 வோல்ட். குறைந்த வோல்டேஜுக்காகச் செய்த வீடியோ டோர்பெல்லை அந்த ஒயரிலேயே இணைத்தால் கருவி எரியும், உயிருக்கும் ஆபத்து.

* முதலில் மெயினை ஆஃப் செய்யுங்க. டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒயரைத் தொடணும்.
* உங்கள் மாடலுக்கு எத்தனை வோல்ட் வேணும், ஏசியா டிசியா என்று அட்டைப்பெட்டியில் பாருங்க. அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் அல்லது அடாப்டர் கட்டாயம்.
* பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலும் வோல்டேஜ் மட்டும் போதாது, அதன் திறனும் போதணும். பழைய மணி, பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் கரண்ட் எடுக்கும். கேமரா நாள் முழுக்க எடுக்கும். திறன் குறைந்தால் வீடியோ அடிக்கடி நின்றுபோகும்.
* பழைய மணிப்பெட்டியோடு சேர்த்து மாட்டினால், சில மாடல்களுக்கு கம்பெனி தரும் சின்ன இணைப்புக் கருவியையும் மணிப்பெட்டியில் பொருத்தணும். இல்லையென்றால் மணி சும்மாவே முனகும்.
* ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் நல்லது.

எல்லாம் முடிந்து மெயினை ஆன் செய்து பட்டனை அழுத்தும்போது மணி அடிக்கும். 1831-ல் ஆல்பனி வகுப்பறையில், ஒரு மைல் கம்பியின் மறுமுனையில் அடித்த மணியின் தொடர்ச்சிதான் அது.